படகு ரேடியோவுக்கு இரண்டாவது மைக்: சோதனை முதலில், ட்ரில் கடைசியில்

ரேடியோ செட் கேபினுக்குள் இருக்கிறது, ஸ்டீயரிங் பிடிப்பவர் மேலே இருக்கிறார். யாராவது கூப்பிட்டால் அரைகுறையாகக் காதில் விழும். பதில் சொல்ல ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இறங்கி ஓட வேண்டும். இதற்குத்தான் இரண்டாவது மைக். மேலே நின்றபடியே சேனல் மாற்றலாம், ஒலியைக் கூட்டலாம், பேசலாம், அபாய அழைப்பும் அனுப்பலாம்.

வேலை கடினமானதல்ல. ஆனால் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: மைக் வந்த அன்றே ட்ரில்லைக் கையில் எடுக்கிறார்கள். ஓட்டை போட்டுக் கேபிளை இழுத்துக் கட்டி முடித்த பிறகு, மைக் செட்டோடு பேசவில்லை, கேபிள் ஒரு முழம் குறைகிறது, காம்பஸ் ஆடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. உங்கள் செட்டில் இரண்டாவது மைக் சேருமா?

படகில் நிலையாகப் பொருத்தப்பட்ட வி.எச்.எஃப். (கடலில் பேசும் ரேடியோ) செட்டுகள் எல்லாவற்றிலும் இந்த வசதி கிடையாது. செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆன்டெனா, பவர், ஜி.பி.எஸ். வயர்கள் தவிர, மூடி போட்ட வட்டமான சாக்கெட் ஒன்று இருக்கலாம். சில மாடல்களில் அது முன்பக்கத்திலேயே இருக்கும். வேறு சிலவற்றில் செட்டிலிருந்து தொங்கும் சிறிய வாலாக வரும். இப்படி எதுவும் இல்லையென்றால் அந்தச் செட்டில் இந்த வேலை நடக்காது. வழி கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம்.

சாக்கெட் இருந்தாலும் போதாது. எந்த மைக் என்பதைச் செட்டின் கையேட்டில் உள்ள துணைக்கருவிப் பட்டியலில் மாடல் எண்ணோடு பார்க்க வேண்டும். ஸ்டாண்டர்ட் ஹொரைசன் இதை 'ராம்' மைக் என்கிறது, ஐகாம் 'கமாண்ட் மைக்' என்கிறது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே பழைய தலைமுறை மைக்கும் புதிய தலைமுறை மைக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். கனெக்டர் கச்சிதமாக நுழைகிறதே என்று நம்பிவிடாதீர்கள். நுழைவது வேறு, உள்ளே இரண்டும் பேசிக்கொள்வது வேறு.

இங்கே எல்லோருக்கும் வரும் ஒரு யோசனை: "சாதா கைமைக் ஒன்றை வாங்கி, இருக்கிற மைக்கின் வயரிலேயே இணையாகச் சேர்த்துவிட்டால் என்ன?" வேண்டாம். இன்றைய செட்டுகளின் மைக்கில் குரல் மட்டும் போவதில்லை, பொத்தான்களின் சிக்னலும் அதே கேபிளில்தான் போகிறது. இரண்டு மைக்கை ஒரே வயரில் கோத்தால் குரல் சன்னமாகும், பொத்தான்கள் குழம்பும். அப்படியே வேலை செய்தாலும் அந்த மைக்கில் ஸ்பீக்கரும் திரையும் இருக்காது. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்க மறுபடி கேபினுக்குத்தான் ஓட வேண்டும்.

2. மைக் போதுமா, இன்னொரு செட் வேண்டுமா?

இரண்டாவது மைக் என்பது இரண்டாவது ரேடியோ அல்ல. செட்டுக்கு மின்சாரம் போனாலோ, ஆன்டெனா முறிந்தாலோ, பின்னால் ஃபியூஸ் எரிந்தாலோ மேலே உள்ள மைக்கும் அதே நொடியில் செத்துவிடும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், தனி ஆன்டெனாவோடு இரண்டாவது செட்தான் சரி, குறைந்தபட்சம் நீர்புகாத கைச்செட் ஒன்று வேண்டும். கைச்செட்டின் சக்தி பொதுவாக 5 அல்லது 6 வாட். பொருத்தப்பட்ட செட்டின் சக்தி 25 வாட், அதன் ஆன்டெனாவும் உயரத்தில் இருக்கும். எனவே கைச்செட்டின் எட்டும் தூரம் குறைவுதான். அவசரத்துக்கு அது போதும்.

நோக்கம் வசதி மட்டுமே என்றால் மைக்தான் நல்லது. ஒரே ஆன்டெனா, ஒரே எம்.எம்.எஸ்.ஐ. எண் (படகின் ரேடியோ அடையாள எண்), ஒரே ஜி.பி.எஸ். இணைப்பு. முழு 25 வாட்டும் மேலே இருப்பவர் கையில் கிடைக்கிறது.

வயரில்லாத மைக்குகளும் உண்டு. ஓட்டை போட வேண்டாம் என்பது அவற்றின் கவர்ச்சி. ஆனால் அவற்றுக்குத் தனியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும், சார்ஜ் தட்டை வைக்கும் இடத்துக்கு எப்படியும் ஒரு பவர் வயர் போக வேண்டும், இரும்பு அல்லது அலுமினியப் படகில் தடுப்புச்சுவர்கள் சிக்னலை மறைக்கும். நிரந்தரமாக ஒரே இடத்தில் நின்று ஓட்டுபவருக்கு நான் வயர் உள்ளதையே சொல்வேன்.

3. இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே கேபிளை வாங்குங்கள்

மைக்கை ஆர்டர் செய்வதற்கு முன் இடத்தை முடிவு செய்ய வேண்டும். நீட்டிப்புக் கேபிள்கள் 6 அல்லது 7 மீட்டர் போன்ற குறிப்பிட்ட நீளங்களில்தான் கிடைக்கின்றன. வெட்டி ஒட்டி நீளம் கூட்டக் கூடாது. உள்ளே உறையிட்ட வயர்கள் பல ஓடுகின்றன. கைப்பட ஒட்டிய இடத்தில் உப்புக்காற்று புகுந்தால் சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். நீளம் போதாவிட்டால் நிறுவனமே தரும் இன்னொரு நீட்டிப்பைச் சேர்க்கலாம். அப்படி எத்தனை சேர்க்கலாம் என்பதற்குக் கையேட்டில் வரம்பு இருக்கும்.

இடம் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது காம்பஸ். மைக்கின் உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது, ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. காந்தத் திசைகாட்டியிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கின்றன பல கையேடுகள். பெரும்பாலான படகுகளில் ஸ்டீயரிங் பக்கத்திலேயே காம்பஸ் இருக்கும் என்பதால் இந்த 1 மீட்டர் கிடைப்பது சில சமயம் பெரும்பாடு. கண்ணுக்குத் தெரியும் காம்பஸை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஆட்டோ பைலட்டுக்கான எலக்ட்ரானிக் காம்பஸ் ஏதோ ஒரு பெட்டிக்குள்ளோ தடுப்புப் பலகைக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். பலகையின் இந்தப் பக்கம் மைக், அந்தப் பக்கம் அந்த காம்பஸ் என்று அமைந்துவிட்டால், மைக்கைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஆட்டோ பைலட் படகைத் திருப்பப் பார்க்கும். காரணம் யாருக்கும் சட்டென்று பிடிபடாது.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். படகைக் கட்டிப்போட்டு, காம்பஸ் காட்டும் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மைக்கையோ சிறு ஸ்பீக்கரையோ நீங்கள் நினைக்கும் இடத்தில் பிடியுங்கள். முள் அசைந்தால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்தது கை எட்டும் தூரம். ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் மைக்கை எடுக்க முடிய வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் பழக்கம் இருந்தால் உட்கார்ந்தும், நின்று ஓட்டுபவரானால் நின்றும் எட்டிப் பாருங்கள். மைக்கின் சுருள் வயர் தொங்கும்போது ஸ்டீயரிங் சக்கரத்திலோ த்ராட்டில் கைப்பிடியிலோ மாட்டக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியும். துறைமுகத்துக்குள் படகைத் திருப்பிக் கொண்டிருக்கும்போது சுருள் வயர் த்ராட்டிலைப் பிடித்து இழுத்தால் அப்படித் தெரியாது.

கூடுமானவரை செங்குத்தான பலகையைத் தேர்ந்தெடுங்கள். கிடைமட்டப் பரப்பில் சாக்கெட் வைத்தால் தண்ணீர் அதன் மேலேயே தேங்கும். திரையில் நேர் வெயில் விழும் இடத்தையும், அலைத்தெறிப்பு நேராக வந்து அடிக்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கேபிளின் நீளத்தை அளக்க நேர்கோட்டில் டேப் பிடிக்க வேண்டாம். ஒரு கயிற்றை எடுத்து, கேபிள் உண்மையில் போகப்போகும் வழியிலேயே மூலை முடுக்கெல்லாம் வளைத்துப் போட்டு அளந்து பாருங்கள். அதோடு இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். செட்டை வெளியே இழுத்துப் பழுது பார்க்க அந்த நீளம் தேவைப்படும்.

4. கையில் இருக்க வேண்டியவை

மைக்கும் அதற்கான கேபிளும் போக: மல்டிமீட்டர், ட்ரில், கையேட்டில் சொன்ன அளவில் வட்ட ஓட்டை வெட்டும் ஹோல் சா (பல மாடல்களுக்கு 30 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று பார்த்தே வாங்குங்கள்), மாஸ்க்கிங் டேப், கடல் வேலைக்கான சீலன்ட், கேபிளை இழுக்க மெல்லிய நைலான் கயிறு, கேபிள் டை, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, உலோகப் பலகையானால் ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் வளையம், சிலிக்கான் கிரீஸ். பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க டார்ச்சும் மொபைல் கேமராவும் போதும்.

மைக்குக்குத் தனி மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. செட்டிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் பவர் வயர் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. ஓட்டை போடும் முன் ஒரு முழுச் சோதனை

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

செட்டின் பவரை அணையுங்கள். செட்டில் உள்ள பொத்தானை அணைத்தால் போதாது, ஸ்விட்ச் போர்டிலும் அணைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது மைக்கைச் செருகினால் செட் அதை அடையாளம் காணாமல் போகலாம், உள்ளே ஏதாவது எரியவும் செய்யலாம். செட்டைப் பிடிமானத்திலிருந்து கழற்றி முன்னால் இழுங்கள். இழுக்கும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஜி.பி.எஸ்., வெளி ஸ்பீக்கர், சார்ட் பிளாட்டர் (கடல்வரைபடத் திரை) என்று மெல்லிய வயர்கள் பல அங்கே இருக்கும். எது எங்கே இருந்தது என்று பின்னால் ஞாபகம் வராது.

நீட்டிப்புக் கேபிளைத் தரையிலேயே விரித்துப் போடுங்கள். ஒரு முனையைச் செட்டிலும் மறு முனையை மைக்கிலும் செருகிப் பவரைப் போடுங்கள். மைக்கின் திரை எரிகிறதா, சேனல் மாறுகிறதா, ஒலி வருகிறதா என்று பாருங்கள். ஒலி வரவில்லையென்றால் ஸ்குவெல்ச்சை (வெற்று இரைச்சலை அடக்கும் அமைப்பு) குறைத்து இரைச்சல் கேட்கிறதா என்று பார்த்தால் போதும், யாரும் பேச வேண்டியதில்லை.

ஆன்டெனாவைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டாமல் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது. போக வழியில்லாத சக்தி செட்டுக்குள்ளேயே திரும்பி வந்து அதன் கடைசிக் கட்ட ட்ரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். செட்டை வெளியே இழுத்து வைத்துச் சோதிக்கும் ஆர்வத்தில் நடக்கும் தவறு இது. இதற்கு ஆகும் செலவு மைக்கின் விலையைவிட அதிகம்.

ஆன்டெனா மாட்டியபின், மல்டிமீட்டரைச் செட்டின் பவர் வயரில் வைத்து, காலியாக உள்ள ஒரு சேனலில் 25 வாட்டில் ஒரு நொடி மட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்போது செட் 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் பேட்டரி முனையில் உள்ள வோல்ட்டுக்கும் செட்டில் உள்ள வோல்ட்டுக்கும் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட் படகில் 0.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக விழுந்தால் பழைய வயரோ ஃபியூஸ் பிடியோ துருப்பிடித்திருக்கிறது. அதை இப்போதே சரி செய்துவிடுங்கள். இல்லையென்றால் பேசும்போது செட் அணைந்து அணைந்து எரியும், பழி புது மைக்கின் மேல் விழும்.

6. கேபிள் போகும் வழி

சோதனையில் எல்லாம் சரியா? இப்போது வழி பார்க்கலாம். இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

மைக் கேபிளை ஆன்டெனா கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஏற்கெனவே ஒரு கேபிள் கட்டு ஓடுகிறதே, அதோடு சேர்த்துவிடலாம் என்றுதான் கை போகும். 25 வாட்டில் பேசும்போது ஆன்டெனா கேபிளில் ஓடும் அலை மைக் கேபிளுக்குள் ஊடுருவி, குரலோடு ஒரு கரகரப்பு போகும். உங்கள் பக்கத்தில் எதுவும் கேட்காது. கேட்பவர்தான் "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்பார். குறைந்தது ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் செங்கோணமாகக் கடந்து போகட்டும். பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது), விஞ்ச், எஞ்சின் ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் தடித்த வயர்களிடமிருந்தும் இதே தூரம்.

நகரும் பாகங்களைக் கவனியுங்கள். பாய்மரப் படகில் ஸ்டீயரிங் தூணுக்குள் கேபிளை விட்டால் வேலை சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் அந்தத் தூணுக்குள் ஸ்டீயரிங்கின் செயினும் கம்பிக் கயிறும் ஓடுகின்றன. மைக் கேபிள் அவற்றில் உரசினால் முதலில் அறுவது கேபிள், சிக்கினால் நிற்பது ஸ்டீயரிங். தூணைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் குழாய்க்குள் விடுவது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் உள்சுவரோடு இறுக்கிக் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றிப் பாருங்கள்.

தாங்கல் கொடுங்கள். படகின் வயரிங்குக்கான ஏ.பி.ஒய்.சி. (அமெரிக்கப் படகுத் தர அமைப்பு) தரம் 18 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கு ஒரு பிடிமானம் கேட்கிறது. அப்படிப் பிடிமானம் இல்லாமல் தொங்கும் கேபிள் அலைக்கு அலை ஆடும், ஆடும் கேபிளுக்கு முதலில் கனெக்டர்தான் போகும். கேபிள் டையை நசுங்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். பில்ஜ் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே கேபிள் போகட்டும்.

கேபிளை இழுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கேபிளின் இரண்டு முனையும் ஒரே தடிமன் அல்ல. மைக் சேரும் முனையில் பலகையில் பொருத்தும் பெரிய சாக்கெட்டும், செட் சேரும் முனையில் சிறிய கனெக்டரும் இருக்கலாம். சிறிய முனையை முன்னால் விட்டு இழுத்தால் வழியில் உள்ள ஓட்டைகளைப் பெரிதாக்க வேண்டியதில்லை. சாக்கெட் பலகையின் முன்பக்கமிருந்து நுழைகிறதா, பின்பக்கமிருந்து வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்கும் திசையை இதுதான் முடிவு செய்யும். இதைக் கவனிக்காமல் முழுவதும் இழுத்துக் கட்டி முடித்துவிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்துத் திருப்பி இழுப்பவர்கள் ஏராளம்.

7. ஓட்டை

ட்ரில் செய்யும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். எரிபொருள் டேங்க், அதன் குழாய், ஸ்டீயரிங் கேபிள், வேறு வயர்கள் எதுவும் இருக்கலாம். கை போகாத இடமானால் மொபைலை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் படகானால் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே ட்ரில்லை இயக்குங்கள்.

ஃபைபர் பலகையில் மாஸ்க்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் குறியிடுங்கள். நடுவில் சிறு ஓட்டை போட்டு, ஹோல் சாவை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றவிடுங்கள். பற்கள் கொத்தாமல் வழுவழுப்பான மேற்பூச்சை வட்டமாகத் தேய்த்து எடுக்கும். பூச்சைத் தாண்டியதும் வழக்கமான திசைக்கு மாற்றுங்கள். நேரடியாகக் கொத்தவிட்டால் பூச்சில் நட்சத்திரம் போல விரிசல் ஓடும்.

வெட்டி எடுத்த வில்லையைத் தூக்கிப் போடாமல் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் பால்சா கட்டையோ ப்ளைவுட்டோ தெரிந்தால் அந்த விளிம்பை அப்படியே விடக் கூடாது. சீலன்ட் என்றாவது ஒருநாள் விரிசல் விடும், தண்ணீர் உள்ளே போய்க் கட்டை உளுத்து, நாளடைவில் பலகையே மெத்தை போல ஆகிவிடும். விளிம்பில் உள்ள கட்டையைச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, எபாக்ஸியை நிரப்பிக் காயவிட்டு, விளிம்பைச் சமப்படுத்துங்கள். ஒரு நாள் தாமதமாகும், பரவாயில்லை. மைக் கொக்கிக்கான சிறு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் இதுவே பொருந்தும்.

8. பொருத்துதல்

கேபிளின் முனையை நுழைக்கும் முன் கனெக்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடி டேப் சுற்றுங்கள். எபாக்ஸித் தூளும் சீலன்ட்டும் உள்ளே உள்ள பின்களில் ஒட்டினால் சுத்தம் செய்வது கஷ்டம். நைலான் கயிற்றைக் கனெக்டரில் கட்டாமல், அதற்குச் சற்றுப் பின்னால் கேபிளில் கட்டி இழுங்கள். இழுவிசை முழுக்கக் கேபிளின் உறையில் விழட்டும்.

சாக்கெட்டோடு வரும் ரப்பர் கேஸ்கெட் பலகைக்கும் சாக்கெட் தட்டுக்கும் இடையில் சமமாக உட்கார வேண்டும். பலகை வழுவழுப்பாக இருந்தால் கேஸ்கெட்டே போதும். சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய ஒரு கோடு சீலன்ட் கொடுக்கலாம். மைக் திருகும் மரையில் மட்டும் சீலன்ட் படவே கூடாது, அப்புறம் மைக்கைக் கழற்றவே முடியாது. அங்கே ஓ-ரிங்கில் மெல்லிதாகச் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும்.

பலகைக்குப் பின்னால், சாக்கெட்டுக்குச் சற்றுக் கீழே கேபிளைத் தொய்வாக ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். கேபிள் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. செட்டின் பின்பக்கமும் இதே போல.

சில நீட்டிப்புக் கேபிள்களில் கூடுதலாக இரண்டு வயர்கள் வெளியே நீண்டிருக்கும். வெளி ஸ்பீக்கர் ஒன்றை மைக் பக்கம் வைத்துக்கொள்வதற்கானவை அவை. தேவையில்லையென்றால் இரண்டையும் தனித்தனியாக உறையிட்டு மூடுங்கள். ஒன்றோடொன்று தொட்டாலோ, படகின் நெகட்டிவ் வயரில் பட்டாலோ ஒலிப்பகுதி கெட்டுப்போகலாம். "கறுப்பு வயர்தானே, நெகட்டிவ்வில் சேர்த்துவிடுவோம்" என்று ஊகித்துச் செய்யாதீர்கள்.

மைக் கொக்கியை மாட்டும்போது பேசும் பொத்தான் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். இருக்கைக்கு அருகில் மாட்டி, யாராவது சாய்ந்தால் பொத்தான் அழுந்துகிற மாதிரி இருந்தால், சேனல் 16 முழுவதும் உங்கள் படகில் நடக்கும் பேச்சு ஒலிபரப்பாகும். அந்த நேரத்தில் சுற்றியுள்ள யாரும் உதவிக்குக்கூடக் கூப்பிட முடியாது. 5 நிமிடம் தொடர்ந்து அழுந்தினால் ஒலிபரப்பைத் தானாக நிறுத்தும் வசதி இன்றைய செட்டுகளில் இருக்கிறது. ஆனால் அபாயத்தில் இருப்பவருக்கு அந்த 5 நிமிடம் மிக நீளம்.

9. அமைப்புகள்

பவரை அணைத்தே எல்லா இணைப்பையும் முடித்து, பிறகு போடுங்கள். பல செட்டுகள் புது மைக்கைத் தானாகவே கண்டுகொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உள்ள அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வேண்டியிருக்கும். பெயர் மாற்றும் வசதி இருந்தால் "மேல்தளம்", "கேபின்" என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். படகுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இன்டர்காமில் அழைக்கும்போது குழப்பம் வராது.

ஒலி அளவு செட்டுக்கும் மைக்குக்கும் தனித்தனி. கேபினில் ஒருவர் தூங்க வேண்டும் என்று செட்டின் ஒலியைக் குறைத்தாலும் மேலே கேட்கும். ஸ்குவெல்ச், சேனல் போன்றவை பெரும்பாலும் பொதுவானவை. மேலே சேனல் மாற்றினால் கீழேயும் மாறிவிடும். இதைப் படகில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மைக்கின் மெனுவுக்குள் சுற்றும்போது எம்.எம்.எஸ்.ஐ. பகுதியைத் தொட வேண்டாம். அந்த 9 இலக்க எண்ணைப் பல செட்டுகளில் பயனர் ஓரிரு முறைக்கு மேல் பதிய முடியாது. தப்பாகப் பதிந்துவிட்டால் டீலரிடம்தான் போக வேண்டும்.

10. கரையில் கட்டியபடி இறுதிச் சோதனை

மைக்கின் திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள். செட்டை வெளியே இழுத்தபோது மெல்லிய ஜி.பி.எஸ். வயர் கழன்றிருக்கலாம். செட் மற்றபடி நன்றாகவே வேலை செய்யும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அபாய அழைப்பு போகும்போதுதான் நீங்கள் இருக்கும் இடமே இல்லாமல் போகும்.

பேசிப் பார்க்கச் சேனல் 16 வேண்டாம், அது அழைப்புக்கும் அபாயத்துக்கும் உரியது. உங்கள் பகுதியில் அனுமதித்த வேறு சேனலில், சக்தியை 1 வாட்டுக்குக் குறைத்து, அருகில் உள்ள படகோடு பேசிப் பாருங்கள். முதலில் பழைய மைக்கில், உடனே புது மைக்கில். "இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதா?" என்று கேளுங்கள். "நன்றாகக் கேட்கிறது" என்ற பதிலைவிட இந்த ஒப்பீடுதான் பயன்படும்.

பேசும் அதே நேரத்தில் இன்னொருவர் காம்பஸையும் ஆட்டோ பைலட் திரையையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முழு 25 வாட்டில் ஒரு முறை அழுத்தும்போது திசை தாவினால், கேபிள் வழியில் ஏதோ ஒன்று ஆன்டெனாவுக்கு மிக அருகில் போகிறது.

சிவப்பு மூடிக்குள் இருக்கும் அபாயப் பொத்தானைச் சோதனைக்காக அழுத்தவே கூடாது. அது சேனல் 70 வழியாக உண்மையான அபாய அழைப்பாகவே போகும். டி.எஸ்.சி. (டிஜிட்டல் அழைப்பு முறை) சோதனை அழைப்பு என்று தனி வசதி பல செட்டுகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். தவறுதலாக அபாய அழைப்பு போய்விட்டால் பயந்து செட்டை அணைத்துவிட்டு உட்காராதீர்கள். செட்டில் அழைப்பை ரத்து செய்து, உடனே சேனல் 16-இல் படகின் பெயரையும் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணையும் சொல்லி, தவறுதலாகப் போனது, ரத்து செய்கிறோம் என்று குரலிலும் அறிவியுங்கள். இல்லையென்றால் மீட்புப் படகு உங்களைத் தேடிக் கிளம்பிவிடும்.

11. அடிக்கடி வரும் கோளாறுகள்

மைக்கின் திரை எரியவில்லை: நீட்டிப்பைக் கழற்றிவிட்டு மைக்கைச் செட்டிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். எரிந்தால் கோளாறு கேபிளில், எரியாவிட்டால் மைக்கிலோ சாக்கெட்டிலோ. கேபிளில் என்றால் பாதி நேரம் கனெக்டர் கடைசி வரை திருகப்படாததுதான் காரணம்.

ஒலி வருகிறது, பேசினால் போகவில்லை: சக்தி, சேனல் இரண்டையும் பாருங்கள். சில சேனல்கள் கேட்க மட்டுமே, அவற்றில் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இதை மைக் கோளாறு என்று எண்ணி எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள்.

இன்டர்காமில் வீறிடும் சத்தம்: இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. கீழே உள்ளதன் ஒலியைக் குறையுங்கள்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் இரைச்சல்: எஞ்சின் வேகத்தோடு சத்தமும் ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. கேபிள் எஞ்சின் வயர்களோடு எங்காவது இணையாக ஓடுகிறதா என்று பார்த்து விலக்குங்கள். விலக்க இடமில்லையென்றால் செட் அருகே கேபிளில் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம்.

மழைக்குப் பிறகு சில நாள் மட்டும் தகராறு, வெயில் அடித்தால் சரியாகிறது: சாக்கெட்டில் ஈரம். மைக்கைக் கழற்றி நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் காயவிட்டு, ஓ-ரிங்கைப் பார்த்து மாட்டுங்கள். மைக்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் இருந்தால், சாக்கெட்டுக்கான மூடியை ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டுப் போங்கள். அது தொலைந்திருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள், டேப் ஒட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.